டம்ளர் வரைக்கும்

எனக்கு முதலில் தீங்கு செய்தவன் பரஞ்சோதி. அவனுக்குப் பிறகு வந்தவர்கள் எல்லாம் அவன் சொன்னதை நம்பியவர்கள். அவர்களையும் நான் மன்னித்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். ஆனால் வரிசை என்று ஒன்று இருக்கிறது. முதலில் பரஞ்சோதி.

அவன் செய்தது இது. மடத்துக் கூடத்தில், ஊரே உட்கார்ந்திருக்கும்போது, என் பக்கம் கையைக் காட்டி, "பெரியவர் தூங்கிட்டார் போல" என்றான். அவ்வளவுதான். அடித்திருந்தால் ஆறியிருக்கும்.

என் பெயர் சங்கிலி. நான் கல்யாண வீடியோ எடுத்தவன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. திண்டுக்கல், நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, இந்தப் பக்கத்தில் நான் எடுக்காத முகூர்த்தம் குறைவு. தாலி கட்டும் நேரத்தில் ஓமப்புகை கண்ணில் ஏறும். மாப்பிள்ளை கண்ணை மூடுவான். ஐயர் மூடுவார். பெண் மூடுவாள். மூடாத கண் அந்தப் பந்தலில் ஒன்றுதான் இருக்கும். அது என் கண். அந்தக் கண்ணைத்தான் தூங்கிவிட்டது என்றான்.

மனைவி போன பிறகு சிறுமலை அடிவாரத்து மடத்துக்கு வந்து சேர்ந்தேன். சாமி ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவார். நான் எடுப்பேன். பரஞ்சோதி மடத்து மேனேஜர். நான் எடுத்ததை அவன் அலுவலக அறையில் இருக்கும் ஒரு கறுப்புப் பெட்டியில் சேர்ப்பான். அந்தப் பெட்டி எந்தக் கம்ப்யூட்டருக்கும் சொந்தமில்லை. தனியாக ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும். வயர் வழியாக எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொது. மடத்து உக்கிராண அறை மாதிரி. யாரும் கொண்டுபோய் வைக்கலாம். யாரும் போய் எடுக்கலாம்.

சாமிக்கு நோய் முற்றியபோது ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"சங்கிலி, உன் காமிரா என் பேச்சைத் துண்டு துண்டா வெட்டுதாமே."

"பழைய காமிரா சாமி. நீளமா ஓடினா அதுவே ஒண்ணை முடிச்சு அடுத்ததை ஆரம்பிச்சுக்கும். நடுவுல ஒண்ணும் போகாது."

"இந்தத் தடவை வெட்டாம எடு. ஒரே ஓட்டமா ஓடட்டும். விட்டுப்போனதைத் திரும்பப் பேச எனக்கு மூச்சு இருக்காது."

கோயம்புத்தூர் பக்தர் ஒருவர் புதுக் காமிரா வாங்கித் தந்திருந்தார். அது வெட்டாது. அதை எடுத்து வைத்தேன்.

அன்றைக்குக் கூடம் நிரம்பி வழிந்தது. சாமி உட்கார்ந்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து நின்றாள். "சாமி, உங்களுக்கு அப்புறம் நாங்க என்ன செய்யணும்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அழுதாள்.

"கடைசியில சொல்றேன்மா. உட்காரு" என்றார் சாமி.

அவர் பேச ஆரம்பித்ததும் கரண்ட் போனது. மைக் செத்தது. ஃபேன் நின்றது. சாமியின் குரல் அப்போதே நூல் மாதிரி இருந்தது. கூடத்தில் யாருக்கும் ஒழுங்காகக் கேட்கவில்லை. ஆனால் சாமியின் துண்டில் நான் குத்தியிருந்த சின்ன மைக் என் காமிராவோடு சேர்ந்தது. அது பேட்டரியில் ஓடும். என் காதில் ஹெட்போன் இருந்தது. சாமி பேசியது முழுதாகக் கேட்டது என் காதுக்கு மட்டும்தான். மற்றவர்கள் அவர் உதடு அசைவதைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "விடு, வீடியோவுல கேட்டுக்கலாம்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

சாமி வெகுநேரம் பேசினார். பேசி முடித்தார். நான் காமிராவை நிறுத்தினேன். பிறகு கரண்ட் வந்தது. கார்டைக் கழற்றிப் பரஞ்சோதியிடம் கொடுத்தேன்.

அவன் கார்டைச் சொருகி, பெட்டிக்கு ஏற விட்டுவிட்டுப் பந்திக்குப் போனான். சாப்பிட்டுவிட்டுத் திரும்பியபோது திரையில் என்னவோ இங்கிலீஷில் கேட்டது. நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். படிக்காமல் ஓகே என்றான். பெட்டிக்குள் திறந்து பார்த்தான். சாமி பேச்சு, வருஷம், தேதி எல்லாம் ஃபைலின் பெயரில் இருந்தது. பெயர் இருந்ததால் திருப்தியாகி, கார்டில் இருந்ததையெல்லாம் துடைத்து என் கையில் கொடுத்தான். "நாளைக்கு இதையே வச்சு எடுங்க" என்றான்.

நான் எடுத்தேன். அதற்கு மறுநாளும் எடுத்தேன்.

அந்த மாதத்திலேயே சாமி சமாதியானார். மண்டல பூஜையன்று கூடத்தில் பெரிய திரை கட்டி அந்தப் பேச்சைப் போட்டார்கள். இப்போது எல்லோருக்கும் சாமி குரல் கேட்டது. அழுதார்கள். கேள்வி கேட்ட பெண் முன்வரிசையில் கையைக் கூப்பியபடி இருந்தாள். கடைசியில் சொல்கிறேன் என்றாரே, அதற்காகக் காத்திருந்தாள். எல்லோரும் அதற்காகத்தான் காத்திருந்தார்கள்.

சாமி பேச்சை நிறுத்தினார். பக்கத்தில் இருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்தார். உதட்டுக்குக் கொண்டுபோனார்.

படம் நின்றது.

பரஞ்சோதி எதையெதையோ தட்டினான். படம் நகரவில்லை. டம்ளர் உதட்டைத் தொடாமல் அப்படியே இருந்தது. கூட்டம் என்னைப் பார்த்தது. அப்போதுதான் அவன் அதைச் சொன்னான்.

"நான் முழுசா எடுத்தேன்" என்றேன்.

"அப்ப மிச்சம் எங்க பெரியவரே? நான் குடிச்சிட்டேனா?"

யாரோ சிரித்தார்கள். சாமி போன துக்கம் ஆறாத கூடத்தில் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு சாமி கடைசியில் என்ன சொன்னார் என்பது மடத்தில் ஒரு சண்டையாகிவிட்டது. முன்வரிசையில் இருந்த ஒருவர், "எல்லாரும் சேர்ந்தே இருங்கன்னார்" என்பார். இன்னொருவர், "கலைஞ்சு போங்கன்னுதான் உதடு அசைஞ்சது" என்பார். ஹெட்போன் போட்டிருந்த என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. தூங்கினவனிடம் யார் கேட்பார்கள்? நானும் வலியப் போய்ச் சொல்லவில்லை. முதலில் அவன் சொல்லட்டும். அதே கூடத்தில், அதே வாயால், பெரியவர் தூங்கவில்லை என்று சொல்லட்டும். பிறகு நான் வாயைத் திறக்கிறேன். அப்படித்தான் இருந்தேன்.

சாமி இடத்துக்கு அம்மா வந்தார். அவர் என்னைவிட வயதில் சின்னவர். சாமிக்கு ஊசி போட வந்த நர்ஸ். சாமி அவரைத்தான் உட்கார வைத்துவிட்டுப் போனார். நான் அவரை அம்மா என்பேன். அவர் என்னை அண்ணே என்பார். சின்னவரிடம் போய்க் கேள்வி கேட்பது முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. என்னிடம் இருந்தது ஒரே கேள்விதான்.

"அம்மா, அவன் எப்ப சொல்லுவான்?"

ஒவ்வொரு குருபூஜைக்கு முன்னாலும் கேட்பேன். ஒரு வருஷம், "மோர் குடிங்கண்ணே" என்றார். ஒரு வருஷம், "இந்த ஜமுக்காளத்தை அந்தப் பக்கம் பிடிங்க" என்று என்னை மடிக்க வைத்தார். மடித்து முடித்ததும் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

ஒரு வருஷம் திருப்பிக் கேட்டார்.

"சொன்னா என்ன செய்வீங்க?"

"நிம்மதியாத் தூங்குவேன்."

"இப்பத் தூங்கறதில்லையா?"

"இல்லை."

"அப்ப அவரு சொன்னது பொய்தான்" என்றார் அம்மா. சிரிக்காமல் சொன்னார்.

இந்த வருஷம் பெட்டி மக்கர் செய்தது. குருபூஜைக்கு ஒத்திகை மாதிரி ஒரு பஜனையை நீளமாக எடுத்தோம். சாமிக்குப் பிறகு அவ்வளவு நீளமாக எதையும் எடுத்ததில்லை. பெட்டி வாங்கவில்லை. ஏற்றினால் பாதியில் நின்று இடமில்லை என்றது. பரஞ்சோதி, "நிரம்பிடுச்சு, புதுசு வாங்கணும்" என்றான். அம்மா, "எதுக்கும் ஒரு ஆளைக் கூப்பிட்டுப் பாருங்க" என்றார்.

திண்டுக்கல்லில் இருந்து ஜெசிந்தா என்று ஒரு பெண் வந்தாள். கடைகளுக்கு நெட்வொர்க் போடுகிறவள். பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

"நிரம்பவெல்லாம் இல்லை சார். முக்கால்வாசி காலியா இருக்கு."

"அப்புறம் ஏன் இடமில்லைங்குது?" என்றான் பரஞ்சோதி.

"பொய் சொல்லுது. இதுல பழைய ஃபார்மட் போட்டு வச்சிருக்காங்க. சின்னச் சின்ன ஃபைலா எவ்வளவு வேணாலும் போடுங்க, வாங்கிக்கும். ஒத்த ஃபைல் நாலு ஜிபியைத் தாண்டினா வாங்காது. வாய் குறுகின பானை சார். வயிறு எவ்வளவு பெருசா இருந்து என்ன? முழுப் பூசணிக்காய் உள்ள போகாது."

"வாங்காம என்னம்மா செய்யும்?" என்று நான் கேட்டேன்.

"சில நேரம் முதல்லயே முடியாதுன்னுடும். சில நேரம் நாலு ஜிபி வரைக்கும் வாங்கிட்டு அங்கேயே நிப்பாட்டிடும் அங்கிள். பார்த்தா ஃபைல் உள்ள வந்துட்ட மாதிரியே இருக்கும். பேரு முழுசா இருக்கும். ஆளு பாதிதான் இருக்கும்."

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். சாமி பேச்சின் தேதியைச் சொன்னேன். அவள் தேடி எடுத்தாள்.

"இதோ. சரியா நாலு ஜிபி. அந்தக் கோட்டுலயே வந்து நிக்குது. பெட்டிதான் வெட்டியிருக்கு."

"காமிரா பிடிச்சவன் தூங்கிட்டா இப்படி வருமா?"

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். பரஞ்சோதியைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் சொன்னாள். "தூங்கறவன் இவ்வளவு கணக்காத் தூங்க மாட்டான் அங்கிள்."

"மிச்சத்தை எடுக்க முடியுமா?"

"உள்ளயே வராததை எங்க போய் எடுக்க? கார்டுல இருந்திருக்கும். அந்தக் கார்டு மேல நீங்க அப்புறம் எத்தனையோ எடுத்திருப்பீங்க."

ஆமாம் என்றேன். எடுத்தவன் நான்தான். துடைத்துக் கொடுத்தவன் அவன்.

பரஞ்சோதி கதவில் சாய்ந்து நின்றான்.

"அப்ப அது பெட்டி செஞ்ச வேலை" என்றான்.

"பெட்டியில சேர்த்தது யாரு?"

"நான்தான். அதுக்கு வயிறு பெருசு வாய் சிறுசுன்னு எனக்கு எப்படித் தெரியும்? கடையில கொடுத்தான், மாட்டினேன்."

"கேட்டதுக்கு ஓகேன்னு அமுக்கினது யாரு?"

"இங்கிலீஷ்ல கேட்டா எல்லாரும் ஓகேன்னுதான் அமுக்குவாங்க. நீங்களா இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

"தூங்கிட்டேன்னு கூடத்துல வச்சுச் சொன்னே. தூங்கலைன்னு கூடத்துல வச்சுச் சொல்லு."

"பெரியவரே, சாமியே போயாச்சு. இன்னுமா அதைப் பிடிச்சுத் தொங்கறீங்க? சரி, குருபூஜை வரட்டும். பார்க்கலாம்."

பரஞ்சோதி பார்க்கலாம் என்றால் பார்க்க மாட்டான் என்று பொருள். அது மடத்தில் நாய்க்குக்கூடத் தெரியும்.

ஜெசிந்தா பையை மூடிக்கொண்டே பொதுவாகச் சொன்னாள். "உள்ள இருக்கிறதை வேற பெட்டிக்கு மாத்திட்டு, இதை ஒருதடவை சுத்தமா அழிச்சு வேற ஃபார்மட் போட்டா சரியாயிடும். அழிக்க மனசில்லைன்னா, பெரிய ஃபைலை எல்லாம் துண்டு போட்டுத்தான் போடணும். துண்டு போட்டா எல்லாம் உள்ள போகும்."

நான் அம்மாவைத் தேடிப் போனேன். கூடத்துக்குப் பின்னால் படுத்த படுக்கையாக இருக்கும் முதியவர்களுக்கு ஒரு அறை உண்டு. அங்கே ஒருவருக்குக் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, பெட்டியே சாட்சி சொல்லிடுச்சு."

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"சந்தோஷமாண்ணே?"

"அவன் சொல்லணும்."

"ம்."

"அந்தப் பொண்ணு பெட்டியை அழிக்கணும்ங்குது."

"என்கிட்டயும் சொன்னா. அழிக்கலாமா?"

"கூடாது."

"உள்ள இருக்கிறது எதுவும் போகாதாம். வேற பெட்டியில பத்திரமா இருக்குமாம்."

"உள்ள இருக்கிறது இருக்கட்டும்மா. வாய் சிறுசுங்கறதுக்கு அந்தப் பெட்டிதானே சாட்சி? அழிச்சு வாயைப் பெருசு பண்ணிட்டா, 'இதுலதான் எவ்வளவு பெருசும் போகுதே, அன்னைக்குப் பெரியவர் தூங்கினதுதான்'னு சொல்லுவான்."

அம்மா கொஞ்சம் யோசித்தார். "சொல்லுவாரு" என்றார். "அப்ப வேண்டாம். நீங்க அழிக்கச் சொல்ற வரைக்கும் அது அப்படியே இருக்கட்டும்."

"இந்த வருஷக் குருபூஜைப் படத்தை எங்க வைக்கிறது?"

"துண்டு போட்டு வைப்போம்."

முதியவரின் மறு காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு ஒரு உதவி செய்யுங்கண்ணே. அன்னைக்கு நடந்ததைச் சொல்லுங்க."

"எத்தனை தடவை சொல்லியிருக்கேன்."

"பரஞ்சோதியைச் சொல்லியிருக்கீங்க. சாமி பேசினதைச் சொல்லலை. நான் அன்னைக்கு மருந்து வாங்கத் திண்டுக்கல் போயிருந்தேன்."

அது எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அதுவரை தெரியாத மாதிரி இருந்தது. சாமிக்குக் கடைசி வரை மருந்து கொடுத்தவர் சாமியின் கடைசிப் பேச்சைக் கேட்கவில்லை.

"டம்ளர் வரைக்கும் படத்துல இருக்கேம்மா."

"படத்துல பார்த்தேன். உங்க வாயால கேட்கணும். ஒரே மூச்சுல வேண்டாம். தினமும் கொஞ்சம். துண்டு போட்டா எல்லாம் உள்ள போகும்னு அந்தப் பொண்ணு சொன்னாளே."

அப்படியே செய்தோம். காலையில் அவர் அந்த அறையில் வேலையாக இருப்பார். புண்ணுக்குக் கட்டுப் போடுவார். தலை வாரிவிடுவார். நான் வாசல்படியில் உட்கார்ந்து சொல்லுவேன்.

முதல் நாள், கரண்ட் போனதைச் சொன்னேன். பேப்பரை மடித்து விசிறியவர்களை நான் கைகாட்டி அடக்கினேன், அந்தச் சத்தம் மைக்கில் ஏறும் என்பதற்காக. சாமி அதைப் பார்த்துவிட்டு, "விசிறட்டும் சங்கிலி, காத்தும் பேசட்டும்" என்றார். அது படத்தில் இருக்கிறது. ஆனால் அப்போது அவர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டியது படத்தில் சரியாகத் தெரியாது. நான் பார்த்தேன்.

இன்னொரு நாள், லாரிக் கதையைச் சொன்னேன். சாமி சின்ன வயதில் லாரியில் கிளீனராக இருந்தவர். மலையேறும்போது டிரைவர் பின்னால் பார்க்க மாட்டார். கிளீனர்தான் சரக்கைப் பார்த்துக்கொண்டே வரவேண்டும். "ராத்திரி பூரா வாழைத்தாரையே பார்த்துக்கிட்டு வந்தேன். ஒண்ணும் விழல. நான் பார்த்ததுனாலதான் விழலைன்னு ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றார் சாமி. சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்தது.

அம்மாவும் சிரித்தார். கட்டுப் போட்டுக்கொண்டே திரும்பி, "இருமினப்ப வலது பக்கம் சாஞ்சாரா?" என்று கேட்டார்.

"ஆமா."

"அந்தப் பக்கம்தான் வலி" என்றார்.

அந்தக் காலைகளில் எனக்குச் சொல்லப் பிடித்திருந்தது. எதையும் தேடவேண்டியிருக்கவில்லை. ஒன்றைத் தொட்டால் அடுத்தது வந்தது. நெஞ்சுக்குள் யாரோ விளக்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பது மாதிரி இருந்தது.

குருபூஜைக்கு முந்தின நாள் டம்ளர் வரை வந்துவிட்டேன்.

"சாமி பேச்சை நிறுத்தினார். டம்ளரை எடுத்தார்."

அம்மா கையில் இருந்த சீப்பைக் கீழே வைத்தார். காத்திருந்தார்.

"மிச்சம் நாளைக்கும்மா" என்றேன். எனக்கு ஏனோ களைப்பாக இருந்தது.

"சரிண்ணே."

மறுநாள் காலையில் கூடத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். நான் காமிராவை ஸ்டாண்டில் நிறுத்தி, வயரைப் பார்த்து, ஹெட்போனைக் கழுத்தில் மாட்டியிருந்தேன். கூட்டம் இன்னும் உள்ளே வரவில்லை. அம்மா என்னிடம் வந்தார்.

"பரஞ்சோதிகிட்டப் பேசிட்டேன். ஒத்துக்கிட்டார்."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை.

"எதுக்கு ஒத்துக்கிட்டான்?"

"கூடத்துல எழுந்து சொல்றதுக்கு. நான் கூப்பிட்டா எழுந்திரிப்பார். நீங்க தலையை அசைச்சா நான் கூப்பிடுவேன். என்ன சொல்லணும்னு கேட்டார். நீங்களே சொல்லிடுங்க."

இத்தனை வருஷம் மனத்தில் வைத்திருந்தது. சொல்லுவதற்குத் தயக்கமே இல்லை.

"பெரியவர் தூங்கலை. முழுசா எடுத்தார். முழுசாக் கேட்டார். கார்டைத் துடைச்சது நான். இது போதும்."

"முழுசாக் கேட்டாருங்கறதையும் சேர்க்கணுமா?"

"சேர்க்கணும்மா. காதுல ஹெட்போன் போட்டிருந்தவன் நான் ஒருத்தன்தான்."

"சரி" என்றார் அம்மா. போகவில்லை. கூடத்துத் தரையிலேயே உட்கார்ந்தார். "நேத்து மிச்சம் வச்சீங்களேண்ணே. டம்ளருக்கு அப்புறம்."

நானும் உட்கார்ந்தேன்.

"சாமி தண்ணி குடிச்சார். டம்ளரைக் கீழ வச்சார்."

"வச்சுட்டு?"

நான் பார்த்தேன். மனத்துக்குள் டம்ளர் மேலே போனது. உதட்டுக்கு வந்தது. அதற்குப் பிறகு ஒரு நீலச் சட்டை வந்தது. பரஞ்சோதி மண்டல பூஜையன்று போட்டிருந்த சட்டை. கையை நீட்டினான். பெரியவர் தூங்கிட்டார் போல என்றான். யாரோ சிரித்தார்கள்.

கண்ணை மூடிக்கொண்டு முதலில் இருந்து வந்தேன். கேள்வி கேட்ட பெண். கரண்ட். விசிறி. லாரி. வாழைத்தார். இருமல். டம்ளர்.

நீலச் சட்டை.

"உள்ள இருக்கும்மா" என்றேன். "எல்லாம் இருக்கு. சாமியோட கடைசிப் பேச்சு. எனக்குத் தெரியாதா?"

"பேரு இருந்துச்சு, அதனால உள்ள எல்லாம் இருக்குன்னுதான் பரஞ்சோதியும் நினைச்சார்" என்றார் அம்மா. குத்திக்காட்டுகிற குரல் இல்லை. புண்ணைத் துடைக்கும்போது முதியவர்களிடம் பேசுவாரே, அந்தக் குரல்.

"இத்தனை வருஷமாத் தினம் தினம் நினைச்சேம்மா. ஒரு நாள் விடலை."

"எதைண்ணே?"



மணி அடித்தார்கள். கூட்டம் உள்ளே வந்தது. அன்று கேள்வி கேட்ட பெண் வந்தாள். தலை நரைத்திருந்தது. அதே முன்வரிசையில் உட்கார்ந்தாள். சாமி சேர்ந்து இருக்கச் சொன்னார் என்றவரும், கலைந்து போகச் சொன்னார் என்றவரும் இந்தக் கோடியில் ஒருவரும் அந்தக் கோடியில் ஒருவருமாக உட்கார்ந்தார்கள். பரஞ்சோதி தூணோரம் வந்து நின்றான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தான். அவன் உதடு காய்ந்திருந்தது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது.

நான் காமிராவுக்குப் பின்னால் போய் நின்றேன். சாமி இடத்துக்குப் போகிற வழியில் அம்மா என் பக்கத்தில் நின்றார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அவர் சொல்லி முடிச்சதும் இந்தக் கூட்டம் உங்க பக்கம்தான் திரும்பும். தூங்கலைன்னா, முழுசாக் கேட்டீங்கன்னா, சாமி கடைசியில என்ன சொன்னார்னு கேட்கும். நானும் கேட்பேன்."

நான் ஹெட்போனைக் காதில் வைத்துக்கொண்டேன். அவர் மேல்துண்டில் நான் குத்தியிருந்த மைக் வழியாக அவர் மூச்சு விடுவது கேட்டது.

"அவரை எழுப்பட்டுமாண்ணே?"

என் தலை அசையவில்லை. பரஞ்சோதி தூணோரம் வெகுநேரம் நின்றான். பிறகு உட்கார்ந்தான். பிறகு காலை நீட்டிக்கொண்டான்.

பெட்டியை நான் இன்னும் அழிக்கச் சொல்லவில்லை. அவன் சொல்லவேண்டிய சொல் எனக்கு இன்னும் வரவேண்டியிருக்கிறது.